பார்க் மூடிட்டாங்க கண்ணு

மார்ச் 8, 2020 - ஞாயிறு

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள் மெர்லின் அக்கா. பகலில் ஃபோனை எடுத்தால் இரண்டு வரி தட்டுவதற்குள் யுகன் கூப்பிடுவான், இல்லாவிட்டால் மாமனார் டீ கேட்பார், இரண்டும் இல்லாவிட்டால் குக்கர் கத்தும். இப்போதுதான் வீடு அடங்கியது.

நீங்கள்தானே சொன்னீர்கள்? கோயமுத்தூரில் அந்த பிசியோதெரபி அறைக்கு வெளியே நாம் முதலில் பேசிய அன்றைக்கு, நான் அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்து, "மனசுல இருக்கதெல்லாம் எழுதி எனக்கு அனுப்பு மக்களே. ஜெஃப்ரினத் திருப்பிப் படுக்க வைக்க ராத்திரி எப்படியும் முழிப்பேன். அப்போ படிக்கேன்" என்றீர்கள். உங்கள் பையனுக்குப் பதினைந்து வயது, என் பையனுக்கு எட்டு. இரண்டு பேருக்கும் ஒரே நோய். நாகர்கோவிலும் உடுமலைப்பேட்டையும் ஒரே பெஞ்சில் உட்கார அது போதுமாக இருந்தது.

இன்றைக்கு யுகனுக்கு நீச்சல் டிரவுசர் வாங்கினோம். வரும் சனிக்கிழமை கோயமுத்தூர் வாட்டர் பார்க் போகிறோம் இல்லையா, அதற்கு. கடைக்காரர் குட்டையாக, மீன் படம் போட்டதை எடுத்துக் காட்டினார். இவன் வேண்டவே வேண்டாம் என்றான். முட்டிக்குக் கீழே கணுக்கால்வரை வருவதுதான் வேண்டுமாம். "அது பெரியவங்க போடறது தம்பி" என்றார் கடைக்காரர். "பரவால்ல, எனக்கு அதுதான்" என்றான். எட்டு வயதுக்குள் இவ்வளவு வெட்கம் எங்கிருந்து வந்ததோ.

போன வருஷம் நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே மனப்பாடம். "நடக்கும்போதே கூட்டிட்டுப் போயிரு. நான் அடுத்த லீவு, அடுத்த லீவுன்னு தள்ளிட்டே வந்தேன். ஒரு லீவுல அவன் காலு எங்க கூட வரல்ல." அதனால்தான் இந்த முறை நான் எதையும் தள்ளவில்லை. டிக்கெட் போட்டாயிற்று, ரூம் போட்டாயிற்று, இவர் லீவு சொல்லிவிட்டார். அந்தப் பெரிய சறுக்கு, நாலு மாடி உயரம், மஞ்சள் நிறத்தில் பாம்பு மாதிரி வளைந்து வரும். அதன் படத்தை யுகன் தன் பீரோ கதவில் ஒட்டி வைத்திருக்கிறான்.

ராத்திரிச் செய்தியில் தமிழ்நாட்டிலும் ஒருத்தருக்குக் கொரோனா வந்துவிட்டது என்றார்கள். இவர் ரிமோட்டை எடுத்துக் காமெடி சேனலுக்கு மாற்றிவிட்டார்.

மார்ச் 10 - செவ்வாய்

மாமனார் இன்றைக்கும் ஆரம்பித்துவிட்டார். பால் ஊற்ற வந்தவரை நிறுத்தி வைத்து, பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்த யுகனை இழுத்து, டிரவுசரைத் தூக்கிக் காட்டினார். "காலப் பாருங்க! கெண்டச்சதை எப்படி உருண்டு நிக்குதுன்னு பாருங்க! நான் கபடி ஆடுன காலத்துல எனக்கு இப்படித்தான் இருக்கும். அப்படியே உரிச்சு வெச்சிருக்கான்."

பால்காரர், "ஆமாங்கய்யா, பயில்வான் காலு" என்றார்.

அந்தக் கெண்டைச்சதை ஏன் அப்படி உருண்டு நிற்கிறது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும் அக்கா. உள்ளே சதை கரையக் கரைய அந்த இடத்தில் கொழுப்பு வந்து அடைகிறது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். மாமனாருக்கு யார் சொல்வது? இவர் சொல்ல மாட்டார். நான் சொன்னால், "உங்க வீட்டுப் பக்கத்துல இருந்துதான வந்துச்சு" என்று ஊர் சொல்லும். பையனிடமும் நாங்கள் 'கால்வலி, மருந்து சாப்பிட்டால் சரியாகிவிடும்' என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். யுகன் டிரவுசரை இறக்கிவிட்டுக்கொண்டு வேனை நோக்கிப் போனான். பாதத்தை ஊன்றாமல், நுனிவிரலில்.

மதியம் டாக்டருக்கு ஃபோன் போட்டேன். "ஸ்டீராய்டு சாப்பிடற பிள்ளைம்மா. சாதாரணச் சளியே நெஞ்சுக்குப் போகும். கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க" என்றார்.

"ஒரு மாசம் கழிச்சுப் போகலாங்களா டாக்டர்?"

"ஒரு மாசத்துல இது முடிஞ்சிருமான்னு கேக்கறீங்களா?"

"இல்லைங்க. ஒரு மாசம் கழிச்சு அவன் படி ஏறுவானான்னு கேக்கறேன்."

"பிசியோவ விடாமப் பண்ணுங்க" என்றார்.

மார்ச் 12 - வியாழன்

இட்லிக்கு ஆட்டினேன். பார்க்குக்கு எடுத்துப்போகப் புளிசாதத்துக்குப் புளிக்காய்ச்சலும் காய்ச்சி வைத்தேன். போகிறோமா இல்லையா என்றே தெரியாமல் புளிக்காய்ச்சல் காய்ச்சுகிறவள் நானாகத்தான் இருப்பேன்.

இவரிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். இவர் என்ன வேலை என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன், காற்றாலைக் கம்பெனியில் மெக்கானிக். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தினம் உச்சிவரை ஏறி இறங்குகிறவர். பயம் என்ற சொல்லே இவருக்குப் பிடிக்காது.

"கோயமுத்தூருல ஒரு கேஸ் கிடையாது. நீயா பேப்பரப் படிச்சுப் படிச்சு நோய வரவெச்சுராத."

"டாக்டர் சொல்றாருங்க."

"அவரு சொல்லுவாரு. போன மாசம் அவரேதான சொன்னாரு, இந்த வருஷம் நல்லா ஓடியாடட்டும்னு? அதுக்கு என்ன அர்த்தம்? உனக்குப் புரிஞ்சுதா இல்லையா?"

"புரிஞ்சதாலதான் கேக்கறேன். அவன் அந்தப் படியெல்லாம் ஏறுவானா முதல்ல?"

"எம்பது மீட்டர் ஏறறவன் வாணி நான். எம்பையனத் தூக்கித் தோள்ல வெச்சுட்டு நாலு மாடி ஏற மாட்டனா? மேல வரைக்கும் தூக்கிட்டுப் போயி உக்கார வெச்சுத் தள்ளி விடறேன். நீ கீழ நின்னு போட்டோ எடு."

திரும்பிப் பார்த்தால் கதவோரம் யுகன். தண்ணீர் குடிக்க வந்தானாம். படுக்க வைக்கும்போது, "அந்தச் சறுக்குக்கு லிஃப்ட் இருக்குமாம்மா?" என்றான்.

"இல்ல கண்ணு, படிதான். ஜாலியா ஏறலாம்."

"ஓ" என்றான். பிறகு, "வர்ஷிகா வீட்லயும் இந்த வாரந்தான் போறாங்களாம்" என்றான். வர்ஷிகா பக்கத்து வீட்டுப் பெண், இவன் வகுப்புதான். "அட, அப்ப ஜோடி சேர்ந்துக்கலாமே" என்றேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். ரொம்ப நேரம் தூங்கவில்லை. எனக்கும் சின்ன வயதில் ஊருக்குப் போவதற்கு முன்னால் இப்படித்தான், தூக்கமே வராது.

அக்கா, போகலாமா வேண்டாமா? நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதைச் செய்கிறேன்.

மார்ச் 13 - வெள்ளி

உங்கள் வாய்ஸ் மெசேஜ் வந்தது. மூன்று முறை கேட்டேன். "போயிட்டு வா மக்களே. பயந்தா நம்ம பிள்ளையளுக்கு ஒரு நாளும் நல்ல நாள் கிடையாது, கேட்டியா? போயிட்டு வந்து எனக்குப் போட்டோ அனுப்பு."

பின்னால் ஜெஃப்ரின் இருமுகிற சத்தம் கேட்டது. சளியா? ஆவி பிடிக்க வையுங்கள்.

உங்கள் டிபி படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். ஜெஃப்ரின் கடலுக்குள், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில், நெஞ்சளவு தண்ணீரில், வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு. நடக்க முடியாமல் போன பிறகு எடுத்தது என்று சொன்னீர்கள். யுகனுக்கும் அந்தப் படம் ரொம்பப் பிடிக்கும். "அண்ணன் ராஜா மாதிரி உக்காந்திருக்காரும்மா" என்பான்.

பையெல்லாம் கட்டி வைத்துவிட்டேன்.

மார்ச் 14 - சனி

போகவில்லை.

விடிந்ததும் இவரிடம் வேண்டாம் என்று சொன்னேன். இவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். ஷூவை மாட்டிக்கொண்டே, "நீ பயந்து பயந்தே அவன் காலத்த முடிச்சிருவ" என்றார். எடுத்த லீவை ரத்து பண்ணிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

யுகன் எழுந்து வந்தபோது நான் அடுப்படியில் நின்றிருந்தேன். என்ன சொல்வது என்று ராத்திரியெல்லாம் யோசித்தும் ஒன்றும் தேறவில்லை. உனக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக என்றால், எனக்கு மட்டும் ஏன் வரும் என்று கேட்பான். அதற்குப் பதில் சொன்னால் மற்ற எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

"பார்க் மூடிட்டாங்க கண்ணு" என்றேன். "கொரோனாவால. இப்பத்தான் ஃபோன் வந்துச்சு."

அவன் என் முகத்தையே பார்த்தான். "நெசமாவா?"

"ஆமா சாமி."

"யாருமே போக முடியாதா?"

"யாருமே."

அழுவான் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவன் போய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தோசை கேட்டான். ஒன்று தின்றான், இன்னொன்று கேட்டான், பிறகு முறுகலாக இன்னொன்று. தட்டைக் கழுவப் போடும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தான். இந்த வயதிலேயே ஏமாற்றத்தை இப்படி விழுங்கக் கற்றுக்கொண்டிருக்கிறானே அக்கா. அம்மா வருத்தப்படக் கூடாது என்று நடிக்கிறான்.

புளிக்காய்ச்சலை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன்.

மார்ச் 16 - திங்கள்

சின்ன வகுப்புகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டுவிட்டார்கள். சாயங்காலம் வர்ஷிகா கேட் பக்கம் வந்து நின்றாள். யுகன் போய்ப் பேசிவிட்டு வந்தான். "என்னவாம்?" என்றேன். "ஒண்ணுமில்ல, நோட்டு கேட்டா" என்றான். கேட்டைக் கொண்டி போட்டுவிட்டு வந்திருந்தான். எப்போதும் போட மாட்டான்.

அவன் பென்சில் டப்பாவைத் துடைத்து வைக்கும்போது நீல நிறத்தில் ஒரு காகிதப் பட்டை, கையில் கட்டிக்கொள்கிற மாதிரி, கிடந்தது. யாருடைய பிறந்தநாளிலோ கொடுத்தது போல. குப்பையில் போடப் போனேன். "இருக்கட்டும்மா" என்று வாங்கி வைத்துக்கொண்டான்.

மார்ச் 17 - செவ்வாய்

தியேட்டர், மால், பார்க் எல்லாவற்றையும் மாசக் கடைசிவரை மூடச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. நான் சொன்னது இனிப் பொய் இல்லை.

இவர் செய்தியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

மார்ச் 25 - புதன்

நாடே பூட்டியாகிவிட்டது. மாமனார், "எங்க காலத்துல ப்ளேக்குக்கே இப்படிக் கதவடைக்கல" என்கிறார். ப்ளேக் அவர் காலமா என்று கேட்டால் கோபம் வரும்.

வீட்டில் எல்லாரும் இருப்பதால் பிசியோ ஒழுங்காக நடக்கிறது. அவன் பாதத்தை மடக்கிப் பிடித்துக்கொண்டு நான் எண்ணுகிறேன். "பார்க் எப்பத் திறக்குமாம்மா?" என்று இதுவரை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பீரோ கதவில் இருந்த சறுக்குப் படத்தையும் காணோம். பசை விட்டு விழுந்திருக்கும்.

ஏப்ரல் போனால் சரியாகிவிடும் என்கிறார்கள். மே மாதம் போய்விடலாம்.

ஜூன் 21 - ஞாயிறு

சூரிய கிரகணம். முடியும்வரை யாரும் ஒன்றும் சாப்பிடக் கூடாது என்று மாமனார் உத்தரவு. யுகனுக்கு மாத்திரை கொடுக்க வேண்டுமே என்று ரூமுக்குள் கூட்டிப்போய்த் திருட்டுத்தனமாக ஒரு வாழைப்பழம் ஊட்டினேன். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

எழுந்து நிற்கும்போது அவன் என் தோளைப் பிடிக்கவில்லை. முதலில் தரையில் கையை ஊன்றி, பிறகு முட்டியில் ஊன்றி, தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறி எழுந்தான். உங்களுக்குத் தெரியும் அது. முன்பெல்லாம் களைத்த நேரத்தில் மட்டும் அப்படி எழுந்திருப்பான். இப்போது காலையிலும்.

வெளியில் வெளிச்சம் ஒரு மாதிரி மங்கிக் கிடந்தது. "கிரகணம் முடிஞ்சுதாம்மா?" என்றான். "முடியப் போகுது" என்றேன்.

செப்டம்பர் 18 - வெள்ளி

இன்றைக்கு ஹாலில் ஒருமுறை விழுந்தான், பாத்ரூம் வாசலில் ஒருமுறை. பாத்ரூமில் தாடை வெடித்துவிட்டது. மஞ்சள் வைத்துக் கட்டினேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப் பயம், கூட்டிப்போகாமல் இருக்கவும் பயம்.

மாமனார் ராத்திரி அவன் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டார். "ஏம்மா வாணி, காலு இத்தன பலமா இருக்குது. அப்புறம் ஏன் இப்படி வுழுந்து வுழுந்து எந்திரிக்கறான்?"

"வளர்ற பையன்தானுங்க மாமா."

"ம். நானும் வளந்தவந்தான்" என்றார்.

இவர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். பார்க் போகாத அந்தச் சனிக்கிழமை பற்றி ஆறு மாதமாக இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பதைத்தான் தினமும் பேசுகிறார்.

ஜனவரி 17, 2021 - ஞாயிறு

பொங்கல் வைத்தோம். பெயருக்கு.

சாயங்காலம் இவர் ஃபோனை நீட்டிக் காட்டினார். பார்க் திறந்துவிட்டார்களாம். முகக்கவசத்தோடு ஒரு குடும்பம் சறுக்கு முன்னால் நின்று கும்பிடுகிற விளம்பரம்.

"போலாங்களா?" என்றேன்.

"போயி?" என்றார்.

அந்த ஒரே வார்த்தை. யுகன் சுவரைப் பிடித்துக்கொண்டு ஹாலிலிருந்து ரூமுக்குப் போய்க்கொண்டிருந்தான். நாங்கள் இரண்டு பேரும் அவன் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். பாதி வழியில் நின்று காலண்டரைப் பார்க்கிற மாதிரி இளைப்பாறினான்.

பிப்ரவரி 22 - திங்கள்

சக்கர நாற்காலி வந்துவிட்டது.

மாமனார் வண்டியிலிருந்து இறக்குவதைப் பார்த்துவிட்டு, "இது யாருக்கு? எனக்கா? நான் இன்னும் அந்த அளவுக்குப் போகலியே" என்று சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை. அதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

நான்தான் சொன்னேன். வேறு யார் சொல்வது? "அது சதை இல்லைங்க மாமா. உள்ள கரைஞ்சுட்டு வருது. கொழுப்புச் சேந்து பெருசாத் தெரியுது. பொறக்கும்போதே இருக்கறது. சரிபண்ண மருந்து கிடையாதுங்க."

அவர் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே நின்றார். "மூணு வருசமாத் தெருவையே கூப்பிட்டுக் காட்டிட்டு இருந்தேனேம்மா. அந்தப் புள்ள முன்னாடியே வெச்சுக் காட்டுனேனே. ஒருத்தராச்சும் எவ்வாயில ரெண்டு போட்டிருக்கக் கூடாதா?"

ராத்திரி எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வழக்கம் போல வந்தார். யுகன் காலை நீட்டினான். இரண்டு பேரும் கபடி பற்றிப் பேசவில்லை. கிரிக்கெட் பற்றிப் பேசினார்கள்.

உங்களுக்கு நாற்காலி படம் அனுப்பினேன். "நல்ல கம்பெனி. வீல்ல முடி சுத்தும், வாரத்துக்கு ஒருக்க எடுத்திரு" என்று பதில் போட்டீர்கள். அதைப் படித்துவிட்டுத்தான் அழுதேன். இந்த உலகத்தில் எனக்கு அப்படி ஒரு பதில் போட வேறு யாரும் இல்லை.

மே 19 - புதன்

குரூப்பில் காலையிலிருந்து மெழுகுவர்த்திப் படமாக வருகிறது. நம் பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாரும் போடுகிறார்கள். யாருடைய பிள்ளை என்று நான் மேலே தள்ளிப் பார்க்கவில்லை. மியூட் பண்ணிவிட்டேன்.

திங்கட்கிழமை நீங்கள் 'ஜெஃப்ரினுக்குக் காய்ச்சல், ஜெபம் பண்ணு' என்று போட்டிருந்தீர்களே, இறங்கிவிட்டதா? நெஞ்சுச் சளிக்கு அந்த மெஷின் கிடைத்ததா? இங்கேயும் கடுமையான ஊரடங்கு. மளிகைக்கு ஃபோன் பண்ணினால் நாளைக்கு என்கிறார்கள். துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது, பாசிப்பருப்பில் சாம்பார் வைத்தேன். யுகன் நன்றாக இருக்கிறது என்றான்.

மே 20 - வியாழன்

உங்கள் டிபி மாறவில்லை. அதே கடல், அதே சிவப்பு நாற்காலி. ஏதாவது என்றால் மாற்றியிருப்பீர்கள்.

மே 24 - திங்கள்

இன்றைக்கு எழுதியதை அனுப்பவில்லை. எப்போது படிப்பீர்கள்? இனிமேல் நீங்கள் ராத்திரி எதற்காக விழிக்க வேண்டும்?

டிசம்பர் 16 - வியாழன்

அக்கா, ஜெஃப்ரின் போய் ஏழு மாதம் ஆகப் போகிறது. நான் உங்களுக்கு ஒரு ஃபோன் பண்ணவில்லை. நாலைந்து முறை உங்கள் பெயரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன சொல்வது? நான் பேசினால் என் குரலுக்குப் பின்னால் யுகன் குரல் கேட்கும். அதை உங்கள் காதில் விழ விடலாமா என்று பயந்தேன். அன்றைக்கு உங்கள் குரலுக்குப் பின்னால் ஜெஃப்ரின் இருமியது என் காதில் விழுந்ததே, அது மாதிரி. நீங்கள் 'போயிட்டு வா' என்றுதான் சொன்னீர்கள். எனக்கு அந்த இருமல்தான் கேட்டது. அதனால்தான் நாங்கள் போகவில்லை.

இன்றைக்கு ஒன்று நடந்தது. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

சாயங்காலம் யுகனைக் குளிப்பாட்டிக் கட்டிலில் உட்கார வைத்துச் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தேன். டிவியில் புதுசாக ஏதோ ஒன்று ஆப்பிரிக்காவிலிருந்து தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். "மறுபடியும் எல்லாம் மூடிருவாங்களாம்மா?" என்றான். "தெரியல கண்ணு" என்றேன்.

"அம்மா, அன்னிக்குப் பார்க் மூடல."

"என்னிக்கு?"

"அதான், மொத மொத கொரோனா வந்தப்ப. மூடிட்டாங்கன்னு சொன்னீங்கல்ல. வர்ஷிகா மறுநாள் போயிட்டு வந்தா. கையில கட்டற நீலப் பட்டையக் கொண்டு வந்து குடுத்தா. உனக்கும் ஒண்ணுன்னு."

சாக்ஸ் என் கையிலேயே இருந்தது. "தெரிஞ்சும் ஏன் சாமி கேக்கல?"

"கேட்டா கூட்டிட்டுப் போயிருப்பீங்க."

எனக்குப் புரியவில்லை அக்கா. அவனே சொன்னான். அவன் குரலில் அழுகை ஒன்றும் இல்லை, வீட்டுப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னான். "அப்பா என்னத் தூக்கித் தோள்ல வெச்சுட்டுப் படி ஏறுவேன்னாரு. கியூல எல்லாரும் பாப்பாங்க. வர்ஷிகாவும் பாப்பா. அப்பவே என்னால ஸ்கூல்ல மாடிக்குப் போக முடியாதும்மா. உங்ககிட்டச் சொல்லல. எல்லாரும் போனதுக்கப்புறம் கம்பியப் பிடிச்சுட்டு மெதுவாப் போவேன். முட்டியெல்லாம் காயமா இருந்துச்சு. அதுக்குத்தான் பெரிய டிரவுசர் கேட்டேன். நீங்க மூடிட்டாங்கன்னு சொன்னதும் எனக்கு எவ்வளவு ஜாலியா இருந்துச்சு தெரியுமா? மூணு தோசை சாப்ட்டேன்ல?"

ஒன்றே முக்கால் வருஷமாக நான் அவனுடைய கடைசி நல்ல நாளைத் திருடிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படி ஒரு நாளே அவனிடம் இருக்கவில்லை. எட்டு வயதில், நாங்கள் இருவரும் பக்கத்து அறையில் அவன் காலைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, அவன் தன் காலைத் தனியாக, யாரிடமும் சொல்லாமல் தெரிந்துகொண்டிருக்கிறான். பீரோ கதவிலிருந்த சறுக்குப் படத்தையும் அவன்தான் கிழித்திருக்கிறான். நான் பசை விட்டுவிட்டது என்று உங்களுக்கு எழுதினேன். நான் உங்களுக்கு எழுதியதையெல்லாம் இன்றைக்கு மேலிருந்து திரும்பப் படித்தேன். எல்லாமே அதில் இருக்கிறது. பென்சில் டப்பா, கேட் கொண்டி, லிஃப்ட் இருக்கா என்று கேட்டது. எழுதினவளுக்கு மட்டும்தான் தெரியவில்லை. உங்களுக்கு அப்போதே புரிந்ததா அக்கா? புரிந்துதான் ஒன்றும் சொல்லாமல் இருந்தீர்களா?

நான் அழுததைப் பார்த்து அவன் பயந்துவிட்டான். "அழாதீங்கம்மா. இப்பப் போலாம்" என்றான்.

"எங்க?"

"பார்க்குக்கு. இவங்க மறுபடி மூடறதுக்குள்ள. சறுக்கு வேண்டாம், அந்த அலையடிக்கற குளம் மட்டும். இப்பதான் நாற்காலி இருக்கே, என்னை யாரு பாத்தா என்ன, பாத்துட்டுப் போறாங்க. ஜெஃப்ரின் அண்ணன் மாதிரி தண்ணிக்குள்ள நாற்காலி போட்டு உக்காந்துக்கறேன்."

பிறகு என் ஃபோனை எடுத்து உங்கள் படத்தைப் பெரிதாக்கினான். விரலால் நாற்காலியைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான். "இதப் பாருங்களேன். அலை இவ்வளவு பெருசா வருது, நாற்காலி சாயவே இல்ல. யாரு பிடிச்சிருக்காங்க? யாருமே தெரியலியே. அண்ணன்கிட்டக் கேளுங்கம்மா."

அவனுக்குத் தெரியாது அக்கா. நாங்கள் சொல்லவில்லை. ஏதோ ஒன்றைச் சொல்லாமல் வைப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம் என்று ஆகிவிட்டது. இதையும் அவன் எங்களுக்கு முன்னாலேயே தெரிந்துவைத்திருக்கிறானோ என்னவோ. கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இவர் வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். முழுவதும் சொன்னேன். இவர் சட்டையைக் கழற்றாமல் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தூங்குகிற பையனின் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். அந்தப் பழைய காயம் இப்போது தழும்பாகக்கூட இல்லை. "நான் தூக்கறேன்னு சொன்னதா அவனுக்குப் பயம்?" என்றார். "நான் தூக்கறதா?" பிறகு எழுந்துபோய் மாடியிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் கால் ஆடாத ஒன்றைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கழுவி வைத்தார். பச்சை நிறம்தான் இருந்தது.

திங்கட்கிழமை போகிறோம். அன்றைக்குக் கூட்டம் இருக்காது என்று ஃபோனில் சொன்னார்கள். டாக்டரிடமும் பேசிவிட்டேன். இந்த முறையும் அவர் போகாதீர்கள் என்றார். இந்த முறையும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் போகலாமா வேண்டாமா என்று இப்போது உங்களிடம் கேட்கவில்லை.

வேறொன்றுதான் கேட்கிறேன். இதைக் கேட்கிற உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் இதற்குப் பதில் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். அந்த நாற்காலியைத் தண்ணீருக்குள் எப்படி இறக்கினீர்கள்? முன்பக்கம் கடலைப் பார்த்தா, கரையைப் பார்த்தா? அவனை எதையாவது வைத்துக் கட்டியிருந்தீர்களா? அலை வரும்போது தூக்க வேண்டுமா, அழுத்திப் பிடிக்க வேண்டுமா? பிடித்துக்கொண்டிருந்தது யார்? நீங்கள் தண்ணீருக்குள் மூழ்கி உட்கார்ந்து பிடித்திருந்தீர்களா?

யுகனிடம் என்ன சொல்லட்டும்? சீக்கிரம் பதில் போடுங்கள் அக்கா.